ஓய்வு நேரம்: மேசைமேல் ஒரு புகைவண்டிப் பாதை

பொழுதுபோக்குக் கலைகளுள் ஒருநாள் முடிந்துவிடுவனவும் உண்டு. என்றும் முடியாதனவும் உண்டு. பின்னல் வேலை செய்யும் பெண்மணி தம் விரிப்பை முடித்து மேசைமீது விரித்துவிடுகிறார். தபால்தலை சேர்க்கும் மாணவனும் ஒரு வரிசை நிரம்பியதும் ஏட்டை மூடிவைத்து மகிழ்கிறான். வீட்டின் ஓர் அறையிலே மாதிரிப் புகைவண்டிப் பாதை அமைக்கத் தலைப்பட்டவரோ, 'என் வேலை முற்றிற்று' என்று சொன்னதாக நாம் இதுவரை கேட்டதில்லை. பத்தாண்டு உழைத்தவரைக் கேட்டாலும், "இன்னும் பாலம் வைக்கவில்லை, நிலையத்துக்குக் கூரை போடவில்லை" என்றே விடை வரும். இந்த விசித்திர மனிதர்களைப் பற்றியும், தம் அரைகுறை வேலையை ஒருவருக்கொருவர் காட்டி மகிழும் அவர்களது வழக்கத்தைப் பற்றியும் இவ்வாரம் சிறிது எழுதுவோம்.

இதனைச் சிறுவர் விளையாட்டு என்று எண்ணுவோர் பலர். தொடக்கம் விளையாட்டுத்தான், அதை மறுப்பதற்கில்லை. ஜெர்மனியிலே மெர்க்லின் என்னும் விளையாட்டுப் பொருட் கம்பெனியார் 1891ஆம் ஆண்டு லைப்சிக் நகரச் சந்தையிலே, திருகுவிசையால் ஓடும் வண்டியையும் அதற்கு அளவொத்த தண்டவாளத் துண்டுகளையும் காட்சிக்கு வைத்தனர். தண்டவாளத்தைத் தனியே வாங்கிப் பாதையை நீட்டிக்கொண்டே போகலாம் என்பதே அதன் சிறப்பு. இந்த 'நீட்டிக்கொண்டே போகலாம்' என்பதிலேதான் இக்கலையின் இன்பமும் துன்பமும் ஒருங்கே அடங்கியுள்ளன போலும். 'மெக்கானோ' விளையாட்டைக் கண்டுபிடித்த லிவர்பூல் நகரத்துப் பிராங்க் ஹோர்ண்பி 1920இல் புகைவண்டிகளையும் விற்கத் தொடங்கினார். 1938இல் அவருடைய கம்பெனி 'ஹோர்ண்பி டப்ளோ' என்னும் சிறிய அளவு வண்டிகளை வெளியிட்டபின், சாப்பாட்டு மேசையளவு இடமுள்ள வீட்டிலும் வண்டி ஓடலாயிற்று. சாப்பாட்டுக்கு எங்கே இடம் என்று கேட்ட இல்லத்தரசிகளின் பெயர்களை வரலாறு குறித்து வைக்கவில்லை.

சிறுவர் வளர்ந்தார்கள், விளையாட்டும் வளர்ந்தது. அமெரிக்காவிலே 'மொடல் ரெயில்ரோடர்' என்னும் மாத சஞ்சிகை 1934 முதலும், இங்கிலாந்திலே 'ரெயில்வே மொடலர்' என்பது 1949 முதலும் வெளிவந்துகொண்டிருக்கின்றன. இவற்றில் நிறைவெய்திய அழகிய அமைப்புக்களின் படங்களும் உண்டு. ஆயினும் நம்மைப் பெரிதுங் கவர்வன பாதி வேலையிலே நிற்கும் அமைப்புக்களைப் பற்றிய கட்டுரைகளே. மலையென்று சொல்லப்படுவது கம்பிவலைக் கூடாக நிற்கும். ஆறு ஓடவேண்டிய இடத்திலே வெறும் பலகை தெரியும். அவற்றின் நடுவே அமைப்பாளர், தாம் இவ்வளைவை மும்முறை பெயர்த்து மும்முறை பதித்த காரணத்தை ஒளிவு மறைவின்றி எழுதியிருப்பார். முடிந்த வேலையைப் பார்ப்பவன் வியந்துவிட்டுப் போவான். முடியாத வேலையைப் பார்ப்பவனுக்கே தொடங்குந் துணிவு பிறக்கும் என்பது நம் எண்ணம். கழகங்கள் வைத்துக் கூடுவோரிடத்தும் இதே வழக்கம் உண்டு. சென்ற மாதம் எது நடந்தது, எது கெட்டது என்று கூறாமல் அங்கே தேநீர் பருகுவார் இல்லை.

புகழ்பெற்றவர்களும் இதற்கு விலக்கல்லர். ஆங்கிலப் பாடகர் ரொட் ஸ்ரூவேட் அமெரிக்க நகரமொன்றின் 1940ஆம் ஆண்டளவிலான தோற்றத்தை இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் இல்லத்தில் அமைத்து வந்தார். கச்சேரிக்காக ஊர் ஊராகச் செல்லும்போது, விடுதியிலே வேறோர் அறை எடுத்து, அதில் வர்ணமும் பசையும் வைத்துக்கொண்டு கட்டடங்கள் செய்வாராம். 2019இல் அதன் படங்களை உலகுக்குக் காட்ட அவர் தேர்ந்தெடுத்தது நாம் மேலே குறித்த ஆங்கில சஞ்சிகையையே.

இனி, மாணவ நேயர்களுக்குக் கொஞ்சம் கணக்கு. மாதிரிப் பாதைக்கு உயிர் அளவுவிகிதம். உண்மையான ஓர் அடியை மாதிரியில் எத்தனை மில்லிமீற்றராகக் காட்டுவது என்பதே முதற் கேள்வி. இங்கிலாந்திலே பெருவழக்கு ஓரடிக்கு 4 மில்லிமீற்றர்; அதாவது 76இல் ஒரு பங்கு. ஏனைய ஐரோப்பிய நாடுகளிலும் அமெரிக்காவிலும் ஓரடிக்கு மூன்றரை மில்லிமீற்றர். 87இல் ஒரு பங்கு. இவற்றினுஞ் சிறியனவும் உள்ளன. மெர்க்லின் கம்பெனியார் 1972இல் 220இல் ஒரு பங்கான வண்டியை ஓடவிட்டனர். அதன் பாதையின் அகலம் ஆறரை மில்லிமீற்றர்!

ஓரடிக்கு 4 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால் ஒரு மைல் தூரத்துக்கு 21 மீற்றர், ஏறத்தாழ 69 அடி, வேண்டும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 250 மைல். அதனை உள்ளபடியே அமைப்பதாயின் மேசையின் நீளம் மூன்று மைலுக்கு மேலாகும். ஆகவே எந்த அமைப்பாளனும் தூரத்தை உள்ளபடி காட்டுவதில்லை. ஒரு நிலையம், அதன் இருபுறத்திலும் சிறிது வெளி, அதற்கப்பால் திரைக்குப் பின்னே வண்டி மறையும் இடம் ஆகியவற்றோடு அமைகிறான். எதை விடுவது என்று தெரிந்தவனே இக்கலையில் வல்லவன். சித்திரக்காரனுக்கும் இதுதானே சங்கடம்!

தூரத்தைவிடத் தொல்லை தருவது வளைவு. நம் மலைநாட்டுப் பாதையில் மிகக் கடுமையான வளைவுகளின் ஆரை 5 சங்கிலி, அதாவது 330 அடி. புகைவண்டிக்கு இது மிக நெருக்கமான வளைவு. பெட்டிகள் முனகிக்கொண்டு செல்வதை நானுஓயாவுக்குப் பயணஞ் செய்தவர் அறிவர். அதே வளைவை 4 மில்லிமீற்றர் அளவில் அமைத்தால் ஆரை 1.32 மீற்றர் ஆகும். கடையில் விற்கும் பெட்டியிலுள்ள வளைவுத் தண்டவாளத்தின் ஆரையோ அரை மீற்றரும் இல்லை. விளையாட்டு வண்டி விளையாட்டாகவே தோன்றுவதற்கு முதற் காரணம் இவ்வளைவுதான். நீண்ட பெட்டிகள் அதில் திரும்பும்போது மூலைகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

மலைநாட்டைக் குறிப்பிட்டோம். அப்பாதையின் ஏற்றம் பல இடங்களிலே 44க்கு 1. அதே ஏற்றத்தில் ஒரு மாதிரிப் பாதை மற்றொன்றின்மேல் செல்வதற்கு மூன்றங்குலம் உயரவேண்டுமாயின், பதினோரடி நீளம் ஓடியாக வேண்டும். இடமில்லாதவர்கள் பாதையைச் சுருள்போலச் சுற்றி ஏற்றுவார்கள். இந்த வித்தையைக் காண மேசையிடம் போகவேண்டியதில்லை. தெமோதரை நிலையத்திலே உண்மையாகவே காணலாம். நிலையத்தைவிட்டுப் புறப்படும் வண்டி மலையைச் சுற்றி இறங்கி வந்து, அந்நிலையத்துக்குக் கீழேயுள்ள சுரங்கத்தின் வழியாகவே செல்கிறது. கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டுஞ் சுற்றிக் கட்டியதைப் பார்த்தே அங்கு நின்ற பொறியியலாளருக்கு இவ்வெண்ணம் உதித்தது என்று ஒரு செவிவழிக் கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, பாதை மெய்.

நம் நாட்டுப் பாதையை மாதிரியாக அமைக்க விரும்புவோருக்கு வேறொரு சிக்கலும் உண்டு. நமது தண்டவாளங்களின் இடையகலம் 5 அடி 6 அங்குலம். ஆங்கில நாட்டு அகலம் 4 அடி எட்டரை அங்குலம். கடையிற் கிடைக்கும் மாதிரித் தண்டவாளத்தின் அகலமோ பதினாறரை மில்லிமீற்றர். 4 மில்லிமீற்றர் கணக்கில் பார்த்தால் அது 4 அடி ஒன்றரை அங்குலத்துக்கே சமம். ஆங்கில வண்டிக்கே போதாது. இங்கிலாந்தின் எஞ்சின்கள் உருவத்திற் சிறியனவாதலால், அந்நாளைய மோட்டார் அவற்றினுள் அடங்கவில்லை. ஆகவே உடலைப் பெரிதாக்கிப் பாதையை அப்படியே விட்டுவிட்டனர். அந்தக் குற்றத்தைப் பற்றி அவர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நம் வண்டியை அப்பாதையில் நிறுத்தினால், பெரிய மனிதர் சிறு முக்காலியில் அமர்ந்தது போலத் தோன்றும்.

இதற்கு வழி இல்லையா? உண்டு. ஓரடிக்கு 4 மில்லிமீற்றர் என்பதை விட்டு 3 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 அடி 6 அங்குலத்துக்கு எவ்வளவு? ஐந்தரையை மூன்றாற் பெருக்கினால் பதினாறரை. கடைத் தண்டவாளம் மயிரிழையும் பிசகாமல் நம் பாதையாகிவிடுகிறது! எஞ்சினையும் பெட்டிகளையும் அட்டையிலோ மெல்லிய பிளாஸ்ரிக் தகட்டிலோ நாமே செய்துகொள்ளவேண்டும். சக்கரமும் மோட்டாரும் கடையில் வாங்கலாம். இடமும் மிச்சம். ஒரு மைலுக்கு 52 அடி போதும். மலைநாட்டு வளைவு ஒரு மீற்றருக்குள் அடங்கும். முன்னாளில் களனிப் பள்ளத்தாக்கிலே ஓடிய சிறு பாதை இரண்டரை அடி அகலமுடையது. 1990களில் அது அகலப் பாதையாக்கப்பட்டது. அதை அமைக்க விரும்புவோர் 87இல் ஒரு பங்கு அளவை எடுத்து, 9 மில்லிமீற்றர் தண்டவாளத்தை வாங்கினால், வித்தியாசம் கண்ணுக்குப் புலப்படாது.

நிலக்காட்சிக்குப் பணஞ் செலவிடுவது வீண் என்பது நம் துணிபு. கம்பிவலையின்மேல் பழைய பத்திரிகைத் தாளைப் பசைதடவி ஒட்டிச் சாந்து பூசினால் மலை. மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றினால் புல். பாத்திரம் விளக்கும் பச்சை நார்த்துண்டைச் சிறிது சிறிதாக வெட்டி வரிசையாய் ஒட்டினால் தேயிலைத் தோட்டம். ஆங்கிலேயர் பலர் தேநீர் வடித்த சக்கையை உலர்த்தித் தூவி மண்தரை ஆக்குவர்; நம் நாட்டுத் தேயிலைக்கு இப்படியும் ஒரு பயன். உலராத சக்கையைத் தூவினால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதை மறக்கலாகாது. மரங்களிலேதான் எல்லோரும் தவறுகின்றனர். அறுபதடிப் பனையொன்று 3 மில்லிமீற்றர் அளவில் 18 சென்ரிமீற்றர் உயரம் இருக்கவேண்டும். நிலையக் கட்டடத்தின் பக்கத்தில் அவ்வளவு உயரமாக நிறுத்தக் கை கூசும். கூசாமல் நிறுத்தினாற்றான் வடபகுதி என்று கண்டதும் சொல்லலாம். ஓலைக்கு மெல்லிய தாளை விசிறிபோல் மடித்து வெட்டுக.

மின்சாரத்தைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் சொல்வோம். பெரும்பாலான வண்டிகள் 12 வோல்ற் மின்சாரத்தில் ஓடுவன. ஒரு தண்டவாளத்தால் வந்த மின்சாரம் மோட்டாருக்குட் சென்று மறு தண்டவாளத்தால் மீளும். வட்டப் பாதைக்கு இடைஞ்சல் இல்லை. ஆனால் வண்டி ஒரு பாதையாற் சென்று, பேரிக்காய் வடிவமாகச் சுற்றித் திரும்பி, அதே பாதையில் வந்து சேருமாறு அமைத்தால், இடத் தண்டவாளம் சுற்றி வந்து வலத் தண்டவாளத்தைத் தொட்டுவிடும். மின்சாரம் மோட்டாரை விட்டுக் குறுக்கு வழியிற் பாயும், வண்டி நிற்கும், மின்மாற்றி சுடும். ஒரு தாளில் இரு கோடுகளாக வரைந்து பார்த்தால் மாணவர் தாமே கண்டுகொள்வர். அச்சுற்றின் இரு முனையிலும் தண்டவாளங்களை அறுத்து, நடுப்பகுதிக்குத் தனிச் சுவிச் வைப்பதே பழைய முறை.

இப்படிச் சுவிச்சும் கம்பியும் தேடப் புகுந்தவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பது சுவையான கதை. அமெரிக்காவிலே மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவன மாணவர்கள் 1946 அளவில் ஒரு மாதிரிப் புகைவண்டிக் கழகம் தொடங்கினர. மேசையின் மேலே மலையுங் காடும். கீழே தொலைபேசிக் கருவிகளைக்கொண்டு அமைத்த கட்டுப்பாட்டுக் கம்பிக்காடு. கீழ்க்காட்டில் உழன்ற மாணவருட் சிலர் 1950களின் இறுதியில் அந்நிறுவனத்துக் கணினிகளைக் கையாளத் தொடங்கினர். 'ஹக்கர்' என்று இன்று கணினியுலகில் வழங்குஞ் சொல் அக்கழகத்தாரின் பேச்சிலிருந்து பரவியதே. அந்நாளில் அது திருடனைக் குறிக்கவில்லை. சாமர்த்தியமாக ஒன்றைச் செய்து முடிப்பவனைக் குறித்தது. 1962இல் வெளிவந்த 'ஸ்பேஸ்வோர்' என்னும் கணினி விளையாட்டை ஆக்கியவர்களும் அம்மேசையின் அருகே வளர்ந்தவர்களே. பரீட்சைக் காலத்தில் பிள்ளை கம்பியோடு விளையாடுகிறான் என்று கவலையுறும் பெற்றோர்க்கு இதனைச் சொல்லிவைக்கிறோம். பரீட்சை முடியும்வரை கம்பியை எடுத்து வைக்கச் சொல்லுவதையும் நாம் எதிர்க்கவில்லை.

இவ்வளவு உழைத்த அமைப்புக்களின் கதி என்ன? அமெரிக்காவிலே கலிபோர்ணியாவின் மொன்றரே நகரில் வாழ்ந்த ஜோன் அலன் என்பவர், தம் வீட்டின் அடித்தளத்தில் நிலத்திலிருந்து கூரை வரை மலைகளை எழுப்பி, அவற்றினூடே பாதை அமைத்தார். அவர் நகைச்சுவையும் உடையவர். பெட்டிகளை இழுத்து மாற்றும் எஞ்சினுக்குப் பதிலாக ஆதிகால விலங்கொன்றின் உருவத்தை நிறுத்தி, அதற்கு எம்மா என்று பெயரும் வைத்தார். அவர் எடுத்த படங்களைப் பார்த்தே ஒரு தலைமுறை இக்கலையிற் புகுந்தது. 1973 ஜனவரியில் அவர் காலமானார். இரண்டு வாரங்கூடச் செல்லவில்லை. தீப்பற்றி அவ்வமைப்பு அழிந்தது. சஞ்சிகைகளுக்கு அவ்வப்போது அவர் அனுப்பிவைத்த படங்களும் கட்டுரைகளுமே எஞ்சின. வேலை நடக்கும்போதே காட்டியிராவிடின் அதுவும் இல்லை.

2019 மே மாதத்திலே இங்கிலாந்தின் ஸ்ராம்போர்ட் நகரில் நடந்ததும் இத்தகையதே. மார்க்கற் டீப்பிங் கழகத்தார் கண்காட்சிக்காக ஒரு பாடசாலை மண்டபத்தில் தம் அமைப்புக்களை வைத்துவிட்டு வீடு சென்றனர். இரவில் நான்கு இளைஞர் உட்புகுந்து, பல ஆண்டு வேலையை மிதித்து நொறுக்கினர். கழகத்தார் 500 பவுண் சேர்ப்போம் என்று கேட்டனர். ஒரு இலட்சத்துக்கு மேல் வந்து குவிந்தது. நாம் முன்னர்க் குறித்த பாடகர் மட்டும் 10,000 பவுண் கொடுத்தார். பணத்தால் பலகை வாங்கலாம். வயோதிபர் ஒருவர் கழித்த மாலை வேளைகளை எங்கே வாங்குவது?

அழியாது நின்றதும் உண்டு. ஜோன் ஆகேண் என்னும் ஆங்கிலேயர், வெறும் அட்டையைக்கொண்டு உண்மையான கட்டடங்களைப் பார்த்துப் பார்த்துச் செய்து, 'மடர் வலி' என்ற கற்பனை ஊரை அமைத்தார். அவர் 1961இல் மறைந்தபின் அது லோங் விற்றன்ஹம் என்னும் சிற்றூரிலுள்ள பென்டன் நூதனசாலையைச் சேர்ந்தது. இன்றும் அங்கே உள்ளது. அந்நூதனசாலையை 1954இல் தொடங்கிய ரோய் இங்கிலன்ட் என்பவர் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். வைக்கோல் வேய்ந்த பழைய வீடுகள் தம் கண்முன்னே ஒவ்வொன்றாய் உருமாறுவதைக் கண்டு மனம் பொறாமல், அவற்றை அளந்து, குறித்து, சிறு அளவிலே செய்து வைக்கத் தொடங்கினார். 1920, 30களின் நாட்டுப்புறம் ஒன்று, தோட்டத்துப் பூ முதலாக, அங்கே நிற்கிறது. அவர் 1995இல் காலமான பின்னரும் அன்பர்கள் வேலையைத் தொடர்கின்றனர். பிறநாட்டிலிருந்து வந்தவருக்கே அவ்வூர்க் கூரையின் அருமை தெரிந்தது என்பதை எண்ணி வியக்கின்றோம்.

நமக்கு இது புதிய விஷயமன்று. 1905இல் காங்கேசன்துறை வரை சென்ற வடபகுதிப் பாதையில், 1956 முதல் யாழ்தேவி ஓடியது. 1990இல் யாழ்ப்பாணச் சேவை நின்றது. போர்க்காலத்திலே தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்ந்து போயின, நிலையங்கள் இடிந்தன. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டி மீண்டும் வந்தது. இடையே இருபத்து நான்கு ஆண்டு. இன்று நிற்கும் நிலையங்கள் புதியன; பயணிக்கு நல்லன. பழைய நிலையத்தை அமைக்க விரும்பும் மாணவனுக்கோ நேரிற் சென்று அளக்க ஒன்றும் இல்லை.

பழைய புகைப்படம் ஒன்றிருந்தால் போதும். வண்டிக்கு முன்னே குடும்பத்தோடு நின்று எடுத்த படங்கள் பல வீடுகளில் உண்டு. படத்தில் தண்டவாளம் நேரே தெரிந்தால் அதுவே அளவுகோல். இடையகலம் 5 அடி 6 அங்குலம், அது எந்நாளும் மாறாது. அதனோடு ஒப்பிட்டு அதே தூரத்திலுள்ள மேடையின் உயரத்தையும், தூணின் பருமனையும் கணக்கிடலாம். பின்னே தள்ளி நிற்கும் கட்டடத்துக்கு இவ்வளவுகோல் உதவாது. தூரத்துப் பொருள் சிறுத்துத் தோன்றும். அதற்குக் கதவை எடுத்துக்கொள்க; ஏறத்தாழ ஏழடி என்று வைத்து, சுவரும் கூரையும் கதவைப்போல எத்தனை மடங்கு என்று பார்க்க. பெயர்ப் பலகை, மணி, கைகாட்டி மரம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் எங்கெங்கே நின்றன என்று முதலில் ஒரு தாளில் வரைந்துகொள்ளுதல் நலம். நிறத்தைக் கறுப்பு வெள்ளைப் படம் சொல்லாது. அறுபதுகளிலே நிலையக் கதவுகளுக்கு என்ன வர்ணம் பூசியிருந்தார்கள் என்பதை, அக்கதவருகே பெட்டி படுக்கையோடு காத்திருந்த பாட்டனார் பாட்டியாரிடமே கேட்கவேண்டும். அவர்களுட் பலர் இப்போது எண்பதைக் கடந்தவர்கள்.